முதலில் களஞ்சியத்தில் தேடுங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் பலர் இப்போது லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். தெரிந்தவர்கள் கேட்டால் நான் பெரும்பாலும் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுப்பேன். அடுத்த நாளே போன் வரும். "அண்ணே, வி.எல்.சி. எந்த சைட்ல டவுன்லோட் பண்றது?"

இத்தனை வருஷப் பழக்கம் அப்படி. ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் கூகுளில் தேடுவது, பச்சை நிறத்தில் நாலு பொத்தான் மின்னும் ஏதோ ஒரு தளத்துக்குப் போவது, கிடைத்த கோப்பைச் சொடுக்கி நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டுவது. லினக்ஸில் அந்த வழியை முதலில் மறந்துவிட வேண்டும். நிறுவுவது ஒரு நிமிட வேலைதான். நமக்கு வேண்டியது என்ன பெயரில் இருக்கிறது, இருப்பவற்றில் எது நல்லது என்று கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் விரிவாக எழுத நினைக்கிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளையும், மென்பொருள் வரும் கட்டுகளான பொதிகளின் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

மின்ட் உபுண்டுவின் மேல் நிற்கிறது, உபுண்டு டெபியனின் மேல் நிற்கிறது. டெபியனை 1993-ல் தொடங்கியவர் இயன் மர்டாக். இன்றுவரை அதை நடத்துவது உலகெங்கும் இருக்கிற தன்னார்வலர்கள். 2023-ல் வந்த டெபியன் 12-இல் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. அத்தனையும் ஒரே களஞ்சியத்தில். ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாக ஒருவரோ ஒரு குழுவோ உண்டு. மூலநிரலை எடுத்து, உரிமத்தைப் படித்து, டெபியனுக்கு ஏற்றபடி கட்டி, பிழை வந்தால் பதில் சொல்வது அவர்கள் வேலை. 1999-ல் வந்த டெபியன் 2.1-லிருந்து ஆப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் வி.எல்.சி." என்று அடித்தால், வி.எல்.சி.க்குத் தேவையான மற்ற நிரலகங்கள் எவை, அவற்றில் எவை ஏற்கெனவே இருக்கின்றன, எவற்றை இறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். பொதிகளின் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதியின் கைரேகையும் இருக்கிறது. வழியில் எந்த சர்வரிலாவது யாராவது கோப்பை மாற்றி வைத்திருந்தால் ஆப்ட் அதை ஏற்றுக்கொள்ளாது.

"களஞ்சியத்தில் இருக்கும் பதிப்பு பழசு" என்று குறைப்படுபவர்கள் உண்டு. பழசுதான். ஆனால் அந்த நிதானம் நம்மை எப்படிக் காப்பாற்றுகிறது என்பதற்கு 2024 மார்ச் மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். எக்ஸ்.இசட். என்று ஒரு சுருக்கக் கருவி. எல்லா லினக்ஸிலும் இருக்கும், யார் கண்ணிலும் படாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்து, அதன் இணைப் பராமரிப்பாளர் ஆகிவிட்ட ஒரு புனைபெயர்க்காரர், அதற்குள் ஒரு பின்கதவை ஒளித்து வைத்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய வழி செய்யும் கதவு அது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர், எஸ்.எஸ்.ஹெச். வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததில் அது வெளியே வந்தது. டெபியனின் சோதனைப் பிரிவு வரை அந்தப் பதிப்பு வந்துவிட்டது. நிலையான பதிப்புக்குள் நுழையவில்லை. எனக்கு நிலையான பதிப்பின் மேல் இருந்த மதிப்பு அன்றைக்கு இன்னும் கூடியது.

சரி, தேடுவது எப்படி? ஒரு வேலையை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்த பி.டி.எஃப். இருக்கிறது. பக்கமெல்லாம் படம். அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும்.

பெயர் தெரியாதபோது வேலையைச் சொல்லித் தேட வேண்டும். "ஆப்ட் சர்ச்" என்று போட்டு, தமிழ் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒரு பட்டியல் வரும். தமிழ் எழுத்துருக்கள், லிப்ரே ஆஃபீஸுக்கான தமிழ் இடைமுகம், எழுத்துப்பிழை பார்க்க ஆஸ்பெல்லின் தமிழ் அகராதி. அவற்றின் நடுவே டெஸ்ஸராக்ட்-ஓ.சி.ஆர்.-டாம் என்று ஒன்று இருக்கும். அதுதான் நாம் தேடுவது. டெஸ்ஸராக்ட் 1985-ல் ஹெச்.பி. நிறுவனத்தில் பிறந்தது. 2005-ல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள், அடுத்த ஆண்டிலிருந்து கூகுள் அதை வளர்த்தது. 2018-ல் வந்த நான்காம் பதிப்பு நரம்பணு வலைப்பின்னல் முறைக்கு மாறியது. தமிழுக்கு அதனால் நல்ல முன்னேற்றம்.

இப்போது "ஆப்ட் ஷோ" என்று போட்டு அந்தப் பொதியின் விவரத்தைப் பாருங்கள். புதிதாக வருபவர்கள் பலர் இதைப் படிப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டிபெண்ட்ஸ் என்ற வரியில், எவை இல்லாமல் அந்தப் பொதி ஓடாதோ அவை. ரெகமெண்ட்ஸ் வரியில் கூட இருந்தால் நல்லது என்று பராமரிப்பவர் நினைப்பவை. சஜஸ்ட்ஸ் வரியில் இதனோடு சேர்த்துப் பயன்படுத்தக்கூடிய வேறு கருவிகள். ஹோம்பேஜ் வரியில் அந்தத் திட்டத்தின் உண்மையான தளம். வருஷக்கணக்காக அந்தப் பொதியோடு பழகிய ஒருவர் நமக்கு வழி சொல்லும் இடம் இது. ஒரு பொதியின் பரிந்துரையைப் பிடித்து அடுத்ததற்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போய்த்தான் நான் இன்று தினமும் பயன்படுத்தும் பாதி மென்பொருள்களைக் கண்டுபிடித்தேன்.

டெஸ்ஸராக்டுக்குச் சன்னல் கிடையாது, கட்டளைதான். அதனால் "ஓ.சி.ஆர்." என்று இன்னொரு முறை தேடினேன். இரண்டு நல்ல பொதிகள் கிடைத்தன. ஜிஇமேஜ்ரீடர் என்பது சுட்டியால் பத்தியைக் கட்டம் போட்டுக் காட்டினால் பக்கத்திலேயே எழுத்தாக்கித் தரும். ஓ.சி.ஆர்.மைபி.டி.எஃப். என்பது முழுக் கோப்பையும் வாங்கிக்கொண்டு, பக்கங்கள் பார்வைக்கு அப்படியே இருக்க, படத்துக்குப் பின்னால் எழுத்தை வைத்துத் தந்துவிடும். பிறகு புத்தகத்துக்குள் எந்தச் சொல்லையும் தேடலாம். மொழி டாம் என்று குறிப்பிட மறக்க வேண்டாம், இல்லையென்றால் தமிழை ஆங்கிலமாக நினைத்து வாசிக்கப் பார்க்கும். அண்மைக்கால அச்சு என்றால் நன்றாகவே படிக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில், துதிக்கை தூக்கிய பழைய ணை, லை, னை வரும் இடங்களில் தடுமாறுகிறது. அங்கே கையால் திருத்தத்தான் வேண்டும். ஆனாலும் முந்நூறு பக்கத்தைத் தட்டச்சுவதற்கும் அதைச் சரிபார்ப்பதற்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள்.

டெர்மினல் பிடிக்காதவர்கள் சினாப்டிக் என்ற சன்னல் கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். பார்க்கப் பழையதுதான், ஆனால் களஞ்சியத்தில் உள்ள அத்தனையையும் காட்டும். பளபளப்பான ஆப் ஸ்டோர்கள் பல, சன்னல் இல்லாத பொதிகளைக் காட்டாமல் விட்டுவிடும். டெஸ்ஸராக்டின் தமிழ்ப் பொதி மாதிரியான தங்கங்கள் அங்கே கண்ணில் படாமல் போகலாம்.

இனி விளையாட்டு.

விளையாட்டுகளைத் தேட ஒரு குறுக்கு வழி: டெபியனின் விளையாட்டுக் குழு, வகைவாரியாகத் தொகுப்புப் பொதிகள் வைத்திருக்கிறது. கேம்ஸ்-ஸ்ட்ராட்டஜி, கேம்ஸ்-பஸில், கேம்ஸ்-கார்டு என்று பெயர்கள். அவற்றை நிறுவினால் அந்த வகையில் உள்ளதெல்லாம் வந்து குவிந்துவிடும், அது வேண்டாம். "ஆப்ட் ஷோ" போட்டு ரெகமெண்ட்ஸ் வரியை மட்டும் படியுங்கள். விளையாட்டுகளை நேசிப்பவர்கள் தொகுத்த பட்டியல் கையில் கிடைத்துவிடும். ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று பார்க்க, திரைக்காட்சிகளுக்கென்றே டெபியனுக்கு ஸ்கிரீன்ஷாட்ஸ் தளம் ஒன்று தனியாக இருக்கிறது.

அந்தப் பட்டியலில் என் முதல் இடம் ஓப்பன்டிடிடிக்கு. 1994-ல் கிறிஸ் சாயர் எழுதிய டிரான்ஸ்போர்ட் டைகூன், 1995-ல் டீலக்ஸ் பதிப்பாக வந்தது. ஊர்களுக்கு நடுவே சாலை, தண்டவாளம், விமான நிலையம் போட்டு, நிலக்கரியும் ஆளும் ஏற்றிப் போக்குவரத்துக் கம்பெனி நடத்தும் விளையாட்டு. டாஸ் காலத்தோடு அது போயிருக்க வேண்டியது. லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் என்ற ஸ்வீடன்காரர் அதன் இயங்குமுறையைப் பிரித்து ஆராய்ந்து, 2004-ல் ஓப்பன்டிடிடி என்று புதிதாக எழுதி வெளியிட்டார்.

நிரல் கட்டற்றதாகிவிட்டது. ஆனால் ரயில், வீடு, மரம் என்று திரையில் தெரிகிற படங்களும் ஒலிகளும் பழைய விளையாட்டினுடையவை. அந்தக் காலத்தில் அசல் விளையாட்டை வாங்கி வைத்திருந்தால்தான் ஓடும். ஆகவே டெபியன் அதைத் தன் முதன்மைப் பிரிவில் சேர்க்கவில்லை. கட்டற்ற நிரலாக இருந்தும் கட்டற்றதல்லாத ஒன்றைச் சார்ந்திருப்பவற்றுக்கென்று கான்ட்ரிப் என்று தனிப் பிரிவு உண்டு, அங்கே வைத்தார்கள். அதைக் கண்டிப்பு என்று சிலர் சொல்வார்கள். நான் நேர்மை என்பேன். விளையாட்டின் ரசிகர்கள் அதற்குச் செய்த பதில் என்ன தெரியுமா? ஒவ்வொரு எஞ்சினையும் ஒவ்வொரு பெட்டியையும், எல்லாக் கோணங்களிலும், புள்ளி புள்ளியாகப் புதிதாக வரைந்தார்கள். படங்களுக்கு ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ், ஒலிக்கு ஓப்பன்எஸ்எஃப்எக்ஸ், இசைக்கு ஓப்பன்எம்எஸ்எக்ஸ். 2010-ல் ஓப்பன்டிடிடி 1.0 வந்தபோது அசல் விளையாட்டின் ஒரு கோப்பு கூடத் தேவைப்படவில்லை. கான்ட்ரிப்பிலிருந்து முதன்மைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. இன்று ஒரே கட்டளையில் நமக்குக் கிடைப்பதற்குப் பின்னால் இவ்வளவு கை உழைப்பு இருக்கிறது.

எங்கள் வீட்டில் அக்கா மகன் இதில் இறங்கினால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டான். ஒரு நாள் பெரிய சிக்கலோடு வந்தான். "மாமா, ரெண்டாவது ட்ரெயின் ஷெட்டை விட்டு வெளியவே வரமாட்டேங்குது. காசு குடுத்துதானே வாங்கினேன்?" போய்ப் பார்த்தேன். நீளமாக ஒரே தண்டவாளம், நடுவில் ஒரு சிக்னல் கூட இல்லை. சிக்னல் இல்லாத வரை முழுப் பாதையும் ஒரே பிளாக். அதற்குள் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தால் ஷெட் இன்னொன்றை வெளியே விடாது. நிஜ ரயில்வேயிலும் ஒரு பிளாக்கில் ஒரு வண்டி என்பதுதான் அடிப்படை விதி. நடுவில் ஒரு கிராசிங் பாதை போட்டு, இரண்டு பக்கமும் சிக்னல் வைத்ததும் இரண்டாவது வண்டி கிளம்பியது. அதற்கப்புறம் எங்களோடு ரயிலில் ஊருக்கு வரும்போதெல்லாம் சன்னல் வழியாகச் சிக்னல் பார்த்துக்கொண்டே வருகிறான்.

கடையில் விற்ற விளையாட்டு பிறகு மக்கள் கைக்கு வந்ததற்கு வார்சோன் 2100 இன்னோர் உதாரணம். பம்ப்கின் ஸ்டூடியோஸ் உருவாக்கியது, 1999-ல் வந்தது. 2004 இறுதியில் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் திறக்கப்பட்டது. இன்றும் புதுப் பதிப்புகள் வருகின்றன. டூம் விளையாட்டின் நிரலை 1997-ல் திறந்தார்கள், படங்களையும் கட்டங்களையும் திறக்கவில்லை. அவற்றைப் புதிதாகச் செய்தது ஃப்ரீடூம். ஓப்பன்டிடிடி கதைதான் மறுபடியும்.

தொடக்கத்திலிருந்தே கட்டற்றதாகப் பிறந்தவற்றில் பேட்டில் ஃபார் வெஸ்நாத் முக்கியம். டேவிட் வைட் 2003-ல் தொடங்கியது. அறுகோணக் கட்டங்களில் முறை வைத்து ஆடும் போர் விளையாட்டு. அவசரமே கிடையாது, சதுரங்கம் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும். பழைய கணினியிலும் ஓடும். 0 ஏ.டி. என்பது பண்டைய பேரரசுகளை வைத்து ஊர் கட்டிப் படை நடத்தும் விளையாட்டு. ரோமர், பாரசீகர், கார்த்தேஜியர்களோடு மௌரியர்களும் உண்டு, யானைப் படையோடு. இறக்கும் அளவு ஒரு ஜி.பி.யைத் தாண்டும். சுமாரான கிராஃபிக்ஸ் வசதியாவது வேண்டும். சூப்பர்டக்ஸ்கார்ட் பந்தய விளையாட்டு, ஒரே கணினியில் திரையைப் பிரித்து நாலு பேர் ஆடலாம். விருந்தாளி வீட்டுப் பிள்ளைகள் வந்தால் நான் திறப்பது அதைத்தான்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி. 2000-லிருந்து வளர்ந்துவரும் தொகுப்பு. சுட்டி பிடிக்கப் பழகுவதில் தொடங்கி, எண்கள், கடிகாரம், நீர்ச்சுழற்சி, சதுரங்கம் வரை நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள். டக்ஸ் பெயின்ட் 2002-ல் பில் கென்ட்ரிக் தொடங்கிய ஓவியக் கருவி, தமிழ் இடைமுகமும் உண்டு. டக்ஸ்பெயின்ட்-ஸ்டாம்ப்ஸ்-டிஃபால்ட் என்ற பொதி கூட வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மிருகங்கள், பழங்கள் அச்சுகள் எல்லாம் இருக்காது, பிள்ளைகளுக்கு அதில்தான் பாதி மகிழ்ச்சி. இரண்டிலும் விளம்பரம் கிடையாது. கட்டணம் கட்டினால்தான் அடுத்த கட்டம் என்ற பேச்சு கிடையாது. பிள்ளையின் பெயரோ வயதோ யாருக்கும் போகாது. கைப்பேசியில் பிள்ளைகளுக்கென்று வரும் விளையாட்டுகளைப் பார்த்து மனம் நொந்த பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

களஞ்சியத்தின் பழைய பதிப்பு போதாத நேரம் வரும். 0 ஏ.டி.யை நண்பர்களோடு இணையத்தில் ஆட வேண்டுமானால் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். அப்போதுதான் ஃப்ளாட்பேக் பக்கம் போவேன். ரெட்ஹேட்டில் இருந்த அலெக்சாண்டர் லார்சன் தொடங்கியது, 2016-ல் இந்தப் பெயர் பெற்றது. எந்த லினக்ஸ் வகையாக இருந்தாலும் ஒரே பொதி ஓடும். ஃப்ளாட்ஹப் அதன் பெரிய களஞ்சியம். முதல் மென்பொருளை இறக்கும்போது சில நூறு எம்.பி. அளவுக்கு ரன்டைம் என்ற பொது அடித்தளம் கூடவே வரும். பலர் அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அடுத்தடுத்து வருபவை அதையே பகிர்ந்துகொள்ளும் என்பதால் பிறகு அவ்வளவு ஆகாது. இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, அந்தப் பொதியை வெளியிட்டவர் அந்த மென்பொருளை எழுதியவரே என்று சரிபார்த்த அடையாளம். மின்ட் 22-லிருந்து அந்த அடையாளம் இல்லாதவற்றை இயல்பாகவே மறைத்துவிடுகிறார்கள், சரியான முடிவு. இன்னொன்று, நம் வீட்டு அடைவு முழுவதையும் திறக்க அது அனுமதி கேட்கிறதா என்பது. ஃப்ளாட்சீல் என்ற சின்னக் கருவியால் அந்த அனுமதியைக் குறைக்கலாம்.

உபுண்டு முன்வைக்கும் ஸ்னாப்பும் இதே நோக்கம் கொண்டதுதான். 2023-ல் கிரிப்டோ பணப்பை போல வேடமிட்ட திருட்டுப் பொதிகள் அங்கே நுழைந்ததிலிருந்து, வெளியிட்டவர் யார் என்று பார்க்காமல் அதிலிருந்து எதையும் எடுப்பதில்லை. ஆப்இமேஜ் என்றால் ஒரே கோப்பு, இயக்க அனுமதி கொடுத்துச் சொடுக்கினால் ஓடும். உபுண்டு 22.04-லிருந்து சில ஆப்இமேஜ்கள் ஓடாமல் நின்றால், பழைய ஃபியூஸ் நிரலகம் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். ஆப்இமேஜைத் தானாகவே புதுப்பிக்க ஆள் இல்லை என்பதால் எனக்கு இது கடைசி வழி. இணையப் பக்கத்தில் இருக்கும் கர்ல் கட்டளையை நகலெடுத்து, சூடோவோடு டெர்மினலில் ஒட்டச் சொல்லும் வழியைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று வரிக்கு வரி படிக்கத் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் பாக்கி. ஆப்ட் வழியாக வைத்திருந்த விளையாட்டை நீக்கிவிட்டு ஃப்ளாட்பேக் பதிப்பைப் போட்டதும் "சேமித்து வைத்த ஆட்டமெல்லாம் போச்சு" என்று பதறி அழைப்பவர்கள் உண்டு. போகவில்லை. ஆப்ட்டில் ரிமூவ் கொடுத்தாலும் பர்ஜ் கொடுத்தாலும் வீட்டு அடைவில் நாம் சேமித்தவற்றை அது தொடாது. ஓப்பன்டிடிடி என்றால், கோப்பு மேலாளரில் கன்ட்ரோல் ஹெச் அழுத்தி மறைந்த அடைவுகளைக் காட்டச் சொல்லுங்கள். லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஓப்பன்டிடிடி, அதற்குள் சேவ். ஃப்ளாட்பேக் பதிப்பு தன்னுடையதை வார் என்ற மறைவான அடைவுக்குள் ஆப் என்பதன் கீழ் தனியாக வைத்துக்கொள்கிறது, அதனால்தான் பழையது அதன் கண்ணில் படவில்லை. முதல் சேவ் அடைவில் உள்ள கோப்புகளை இரண்டாவதற்குள் நகலெடுத்தால் போதும். பழைய பதிப்பில் சேமித்ததைப் புதிய பதிப்பு திறக்கும். புதியதில் சேமித்ததைப் பழையது திறக்காது. ஆகவே நகலெடுக்கும்போது மூலக் கோப்புகளை அப்படியே விட்டுவையுங்கள்.